கொட்டாவி டீச்சரின் காற்று மிஷின்

தூங்குவதற்கு நான் யாரிடமும் பாடம் கேட்டதில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கியிருக்கிறேன். பரீட்சை ஹாலில் கண்காணிக்க உட்கார்ந்து, பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து ஒருவர் நிதானமாக எழுதி முடிக்கும்வரை தூங்கியிருக்கிறேன். தலைமையாசிரியை கூட்டம் போட்டால் முதல் வாக்கியத்திலேயே போய்விடுவேன். அதற்கு மட்டும் என் உடம்பைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கூட்டங்களில் முழித்திருந்தவர்களுக்குத்தான் ஏதோ கோளாறு. பள்ளியில் எனக்குக் கணக்கு டீச்சர் என்ற பெயர் எப்போதோ போய், கொட்டாவி டீச்சர் என்ற பெயர் வந்துவிட்டது. பிள்ளைகள் வைத்ததை மற்ற டீச்சர்கள் பரப்பினார்கள்.

தூக்கத்தைப் பற்றி யோசனை சொல்லாத ஆள் எங்கள் ஊரில் இனிமேல்தான் பிறக்க வேண்டும். தைராய்டு பாருங்க என்பாள் ஒருத்தி. ராத்திரியில தயிர் சேக்காதீங்க என்பாள் இன்னொருத்தி. ஒருவருக்கு நான் சத்துக்குறைவு, அடுத்தவருக்குச் சத்து ஜாஸ்தி. குறிஞ்சிப்பாடியில் இருக்கும் என் நாத்தனார், "கவலையில்லாத மனசு, படுத்தா தூக்கம் வருது" என்று ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் சொன்னார். தன் தம்பியைக் கட்டிக்கொண்டவளுக்குக் கவலையில்லாத மனசு இருக்கும் என்று நம்பியவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

குறட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண் குறட்டை விட்டால், "பாவம், ஒழைச்சிட்டு வந்து அசந்து தூங்குறாரு" என்று விசிறியைக் கூட்டி வைப்பார்கள். பெண் விட்டால் ஜன்னலைச் சாத்துவார்கள். எங்கள் வீட்டில் என் கணவர் சாத்துவார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள், "ராத்திரியில லாரி ஏதும் நிக்குதா சார்?" என்று கேட்டபோது, "நான்தான் சார், கொஞ்சம் சளி" என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொண்ட உத்தமர் அவர். என் மானத்தைக் காப்பாற்றிய கதையாக அதை இன்றுவரை எனக்கே சொல்லிக் காட்டுகிறார்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாமல் போனது என் மகளின் வளைகாப்பில் நடந்தது.

ஒரே மகள். சிதம்பரத்தில் கொடுத்திருக்கிறோம். எங்கள் பக்கம் தலைப்பிரசவம் என்றால் தாய் வீட்டில்தான். ஏழாம் மாதம் மாப்பிள்ளை வீட்டில் வளையல் அடுக்கி, கலந்த சாதம் கட்டிக்கொண்டு போய் எல்லாருக்கும் போட்டு, அன்றைக்கே பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். அதற்காக முன்னறையைக் காலி செய்து, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, அவள் உட்கார்ந்து எழ வசதியாகக் கட்டிலுக்கு உயரம் கூட்டி வைத்திருந்தேன். முதல் நாள் ராத்திரியே சமையல்காரருடன் உட்கார்ந்து புளிசாதத்துக்குப் புளி காய்ச்சினேன். விடிவதற்குள் கார் ஏறியாகிவிட்டது.

சம்பந்தி வீடு தெற்கு வீதிக்குப் பக்கத்தில். கூடத்தில் மகளை மனையில் உட்கார வைத்து, நான் அவள் பக்கத்து நாற்காலியில் சந்தனக் கிண்ணத்தோடு இருந்தேன். பெண்கள் வரிசையாக வந்து கன்னத்தில் சந்தனம் பூசி வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊதுவத்தி வாசனை, தலைக்கு மேல் மின்விசிறி. போய்விட்டேன். என் குறட்டை மைக்கில் கேட்டதாக என் கணவர் சொல்கிறார். அந்த வீட்டில் மைக்கே வைக்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது கூடமே அமைதியாக இருந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பெண்கள் நின்றார்கள். கிண்ணம் சரிந்து, சந்தனம் முழுக்க மகளின் பட்டுப்புடவை மடியில். அவள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாயால் அவமானம் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சம்பந்தியம்மாள் குரல் கணீரென்று இருக்கும். களத்துமேட்டில் ஆள் கூப்பிட்டுப் பழகிய குடும்பம். சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் எல்லார் காதிலும் விழும்படி ஆரம்பித்தார்.

"சம்பந்தி, கோச்சிக்காதீங்க. புள்ள பொறந்து, அத மடியில போட்டுக்கினு நீங்க இப்புடி அசந்துட்டீங்கன்னா யாரு பாக்குறது? ஒங்க வீட்டு அண்ணனுக்கோ ஷிப்டு வேல. பாப்பா இங்கயே இருக்கட்டும். ஒம்பதாம் மாசம் பாத்துக்கலாம்."

ஒன்பதாம் மாதம் பார்த்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? நானும் பள்ளியில் பிள்ளைகளின் பெற்றோரிடம் 'அடுத்த டெர்ம் பார்த்துக்கலாம்' என்று சொல்லி அனுப்புகிறவள்தான். மகள் ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். வளையல்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காரின் பின்சீட்டில் அவள் சாய்ந்துகொள்ள நான் வைத்திருந்த தலையணையின் மேல் காலி அண்டாக்கள் உட்கார்ந்து வந்தன. மிச்சமிருந்த புளிசாதத்தைத் தெருவில் கொடுக்கப் போனால் ஒவ்வொரு வாசலிலும், "பொண்ணு எங்க டீச்சர்?" என்ற கேள்வி. புளிசாதம் வாங்கும் கைகளுக்குக் கேள்வி கேட்காமல் வாங்கத் தெரியாது.

ஆகவே நான் டாக்டரிடம் போனது நோயாளியாக அல்ல. சம்பந்திக்குப் பதில் சொல்லப் போனேன்.

உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி படுக்க வைத்தார்கள். மறுநாள் டாக்டர், முகத்தில் இன்னும் பரு போகாத மனிதர், கம்ப்யூட்டரில் கோடுகளைக் காட்டிச் சொன்னார்: "தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு போவுதும்மா. தொண்ட அடைச்சிக்குது. ஒவ்வொரு தடவையும் மூள பதறிப்போயி ஒங்கள எழுப்பி விடுது. ஒங்களுக்கு அது தெரியறதில்ல. உண்மையச் சொன்னா நீங்க தூங்குறதே இல்ல."

ஊரே தூங்குமூஞ்சி என்று சொன்ன ஒருத்தியிடம் சொல்கிற வார்த்தையா இது? எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தச் சிரிப்பு எங்கேயோ போய் மாட்டிக்கொண்டது. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: மகள் பிரசவத்துக்கு வந்தால் பிள்ளையை நான் பார்த்துக்கொள்ளலாமா? "மாஸ்க்க தெனமும் ஒழுங்கா போட்டுக்கினு தூங்குனீங்கன்னா தாராளமா பாத்துக்கலாம்" என்றார். இருதயம், ரத்த அழுத்தம் என்று அவர் அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் என் காதில் ஏறவில்லை.

மிஷின் வந்தது. ரேடியோப் பெட்டி அளவு. அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்குக்கு ஒரு ரப்பர் மூடி, தலையைச் சுற்றிக் கட்டப் பட்டைகள். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் கொண்டுவந்து மேஜையில் வைத்து, காற்றை அழுத்தமாக உள்ளே அனுப்பித் தொண்டை மூடாமல் பார்த்துக்கொள்ளும் என்று விளக்கினார். அதுவரை சரி. "மாஸ்க்க மட்டும் லேசா..." என்று அவர் ஆரம்பித்த இடத்தில்தான் என் கணவர் உள்ளே புகுந்தார்.

என் கணவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு விஷவாயு மாஸ்க் மாட்டச் சொல்லிக்கொடுப்பதுதான் அவர் வேலை. எங்கள் வீட்டில் கல்யாண ஆல்பத்துக்குப் பக்கத்தில் அவர் மாஸ்க் போட்டு எடுத்த போட்டோ இருக்கிறது. மாஸ்க்கில்தான் நன்றாக இருக்கிறார்.

"தம்பி, நான் மாஸ்க் போட ஆரம்பிச்சப்ப நீ பால்வாடிக்குப் போயிக்கினு இருந்திருப்ப. எனக்கு நீ சொல்லித் தரப்போறியா?" என்றார். வந்தவர் பையை மூடிவிட்டார். விற்றாகிவிட்டது, இனி யார் மூக்கு எப்படிப் போனால் அவருக்கு என்ன?

என் கணவரின் மாஸ்க் சாஸ்திரத்தில் ஒரே விதிதான். காற்று கசியக் கூடாது. கசிந்தால் இறுக்கு. மறுபடி கசிந்தால் மறுபடி இறுக்கு. கம்பெனியில் மாஸ்க்கை மாட்டி, காற்று வரும் வழியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மூச்சை இழுக்கச் சொல்வாராம். மாஸ்க் அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டால் பாஸ். அதை எனக்கும் செய்தார். என் பின்மண்டையில் ஒரு கையை வைத்து, மாட்டுக்குத் தும்பு கட்டுவதுபோல இரண்டு பக்கமும் பட்டையை இழுத்து இழுத்துக் கட்டினார். மூக்கெலும்பு உள்ளே போய்விடும் போல இருந்தது. "வலிக்குதா? அப்பன்னா கரெக்டா இருக்குன்னு அர்த்தம்" என்றார்.

படுத்து ஒருக்களித்தால் போதும், மூடியின் ஓரம் மடங்கி, காற்று சீறிக்கொண்டு கண்ணுக்குள் அடிக்கும். உடனே விளக்கைப் போட்டு எழுந்து இறுக்குவார். இறுக்க இறுக்க அது இன்னும் வேறொரு பக்கம் சீறும். வாயைத் திறந்து அவரைத் திட்டலாம் என்றால் அதுவும் முடியாது. மூக்கு வழியாகப் போன காற்று அப்படியே வாய் வழியாகப் பாய்ந்து வந்து வார்த்தையை அடித்துக்கொண்டு போய்விடும். இந்த ஒரு குணத்துக்காகவே அவருக்கு அந்த மிஷின் ரொம்பப் பிடித்துவிட்டது. "இத மொதல்லயே வாங்கியிருக்கலாம் டீச்சர்" என்பார். கோபம் வந்தாலும் குஷி வந்தாலும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

காலையில் மாஸ்க் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். தூக்கத்தில் நானே பிய்த்து எறிந்திருப்பேன். தொண்டை வறண்டு, மூக்கின் மேல் சிவப்பாகப் பள்ளம் விழுந்து, கன்னத்தில் இரண்டு கோடுகளோடு பள்ளிக்குப் போவேன். கொட்டாவி குறையவே இல்லை. முன்பு முகம் நன்றாக இருந்த கொட்டாவி, இப்போது காயத்தோடு கொட்டாவி.

எங்கள் ஸ்டாஃப் ரூமுக்குக் கதை கிடைக்காமல் வாடிக்கொண்டிருந்த சமயம் அது. உயிரியல் டீச்சர் ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், வெளிய சொல்ல வேணாம். ஆனா பொறுத்துக்கவும் வேணாம்."

"இது மாஸ்க் போட்ட தழும்புங்க. தூங்குறதுக்கு ஒரு மிஷின்" என்றேன்.

அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "எல்லாரும் கதவுல இடிச்சிக்கினேன்னுதான் சொல்வாங்க. நீங்க மிஷின்னு சொல்றீங்க."

உயிரியல் படித்த பெண்மணி. மூச்சுக்குழாய்ப் படத்தை வருஷா வருஷம் போர்டில் வரைகிறவர். அன்று சாயங்காலம் என்னை அழைத்துப் போக என் கணவர் ஸ்கூட்டரில் வந்தபோது, கேட்டில் நின்ற அத்தனை டீச்சர்களும் அவரை முறைத்தார்கள். வாட்ச்மேன்கூட வணக்கம் வைக்கவில்லை. "என்னா ஒங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் வயித்து வலியா?" என்று கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டினார். விஷயத்தைச் சொன்னபோது மனுஷன் சாப்பிடவில்லை. எனக்கே பாவமாகிவிட்டது. அப்படியும் அன்று ராத்திரி இறுக்கித்தான் கட்டினார்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. பக்கத்து வீட்டம்மாள் ஜன்னல் வழியாகக் குழாயைப் பார்த்துவிட்டு, டீச்சரை ஆக்சிஜனில் வைத்திருக்கிறார்கள் என்று தெருவுக்குச் சொன்னார். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் ஊரில் எல்லாருமே பாதி டாக்டர்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து நாத்தனார் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமாக வந்து இறங்கினார். என் விரலைப் பிடித்து நகத்தைத் திருப்பிப் பார்த்து, "ஆக்சிஜன் அளவு எவ்ளோ காட்டுது?" என்று தம்பியிடம் ரகசியமாகக் கேட்டார். நான் அப்போது அவருக்காகத்தான் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். வடையைச் சாப்பிட்டு, சாத்துக்குடியையும் அவரே உரித்துச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போனதும் சிதம்பரத்துக்குப் போன் போட்டார்.

மகள் அழுதுகொண்டே கூப்பிட்டாள். நான் சொன்ன எதையும் அவள் நம்பவில்லை. போன் சம்பந்தியம்மாள் கைக்குப் போனது. "ஒடம்பப் பாத்துக்குங்க சம்பந்தி. பாப்பாவப் பத்தி நீங்க யோசிக்கவே வேணாம். நாங்க இருக்கோம்" என்றார். எவ்வளவு பாந்தமாகப் பெண்ணை எடுத்துக்கொள்கிறார் பாருங்கள். அவர்கள் இருக்கிறார்களாம். அப்போது நான் யார்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை. மகளைக் கூட்டி வருவதற்காக வாங்கிய மிஷினே அவளை வராமல் செய்துகொண்டிருந்தது.

மிஷினைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினேன். முன்னறைக் கட்டிலைப் பார்க்கப் பிடிக்காமல் அந்தக் கதவைச் சாத்தி வைத்தேன். நன்றாக அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மகளை எனக்கு வேண்டியிருந்தது. அவளுக்கு வெந்நீர் வைத்து ஊற்ற, அவள் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட, அவள் மருந்து சாப்பிட மறுத்தால் திட்ட எனக்கு ஆசையாக இருந்தது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நகத்தைத்தான் பார்த்தார்கள்.

அந்தச் சமயத்தில் கம்பெனியில் ஏதோ பராமரிப்பு வேலை என்று என் கணவருக்குத் தொடர்ந்து ராத்திரி ஷிப்டு போட்டார்கள். வீட்டில் இறுக்க ஆளில்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது. வந்திருக்க வேண்டிய யோசனை, கணக்கு டீச்சருக்கு இவ்வளவு தாமதமாக வந்ததே கேவலம். அவர் மாஸ்க் வெளியில் இருக்கும் விஷத்தை உள்ளே விடாமல் இருக்க. மூச்சை இழுக்கும்போது அது முகத்தோடு ஒட்ட வேண்டும், ஆகவே இறுக்கம். என்னுடையது உள்ளேயிருந்து காற்றைத் தள்ளுகிறது. அந்தக் காற்றே ரப்பர் மூடியை உப்ப வைத்து முகத்தில் உட்கார வைக்க வேண்டும். இறுக்கினால் அது உப்ப இடமேது? இரண்டு மாஸ்க்கும் ஒன்று என்று நினைத்தால், ஊதுவதும் உறிஞ்சுவதும் ஒன்று என்றாகிவிடும்.

பெட்டியை இழுத்தேன். பட்டைகளையெல்லாம் அவிழ்த்து, படுத்தபடியே, மிஷினை ஓடவிட்டு, மூடியை மூக்கின் மேல் சும்மா வைத்தேன். உப்பியது. மெதுவாக உட்கார்ந்தது. விழாமல் இருக்கும் அளவுக்குப் பட்டையை ஒட்டினேன். சத்தம் நின்றுவிட்டது. மிஷின் கெட்டுப்போய்விட்டதோ என்று யோசித்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு பால்காரர் பெல் அடித்ததுதான் நினைவு.

எழுந்தேன். தலை கனக்கவில்லை. வாய் வறளவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு அது பொங்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்தேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் பொங்கி வழிந்ததைத் துடைத்திருக்கிறேனே தவிர, பால் பொங்குவதைப் பார்த்ததில்லை. தூக்கம் என்று மற்றவர்கள் சொல்வது இதைத்தானா, இதைத்தான் எல்லாரும் தினமும் சும்மா வாங்கிக்கொண்டிருந்தார்களா என்று ஆத்திரமாக வந்தது. அப்புறம் காபி போட்டுக் குடித்தேன்.

ஷிப்டு முடிந்து வந்த கணவரிடம் விளக்கினேன். கேட்டுக்கொண்டார். மாஸ்க்கைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தப்பு என்று வாயால் சொல்லவில்லை, அது அவர்கள் வம்சத்திலேயே கிடையாது. ஆனால் ஒரு வாரத்துக்குள் தெருமுனையில் நின்று யாரிடமோ, "இந்த மாஸ்க்க இறுக்கவே கூடாது சார். அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நான் கடைக்குப் போகிறவள்போல அவரைக் கடந்து போனேன்.

நாட்கள் போகப் போகக் கொட்டாவி நின்றது. வகுப்பில் கடைசி மணி அடிக்கும்வரை கணக்குப் போட ஆரம்பித்தேன். பிள்ளைகளுக்கு அதில் பெரிய வருத்தம். மூக்கில் இருந்த பள்ளம் ஆறியது. "சார் திருந்திட்டாரு போலிருக்கு" என்று உயிரியல் டீச்சர் நிம்மதியாகச் சொன்னார். நான் மறுக்கவில்லை. திருந்தியது ஒருவகையில் உண்மைதானே.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் லீவு போட்டேன். மிஷினைப் பையில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். நம்பவில்லை என்றால் அங்கேயே போட்டுக் காட்டிவிடுவது என்று முடிவு. திரும்பும்போது மகளோடு கார். இந்த ரோட்டில் எத்தனை வருஷமாகப் போய் வருகிறேன், ஆலப்பாக்கம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பார்க்க ஒன்றுமில்லை. புதுச்சத்திரத்திலும் ஒன்றுமில்லை. தூங்கிக்கொண்டு போனதில் நான் எதையும் இழந்துவிடவில்லை என்று தெரிந்துகொண்டேன். வெள்ளாற்றுப் பாலம் மட்டும் பரவாயில்லை. வழி முழுக்கச் சம்பந்தியம்மாளிடம் பேச வேண்டியதை மனதுக்குள் கோத்துக்கொண்டு போனேன். அடுத்தவள் பெண்ணை வைத்துக்கொள்வதற்கு ஒரு நாகரிகம் வேண்டாமா என்பதுதான் அதில் ஆரம்பம். முடிவு இன்னும் காரமாக இருந்தது.

சம்பந்தியம்மாள் சாப்பாடு போட்டார். சாப்பிட்டுவிட்டுச் சண்டை போடுவது எங்கள் பக்கத்தில் தப்பில்லை. மகள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையைக் கழுவிவிட்டு ஆரம்பித்தேன்.

"சம்பந்தி, எனக்கு இப்ப நல்லாருக்கு. டாக்டரும் சொல்லிட்டாரு. நான் தூங்கி வழியறதில்ல. இன்னும் என்னா காரணம் சொல்லி எம் பொண்ண நீங்க அனுப்பாம வெச்சிக்குவீங்க? அதையும் சொல்லிடுங்க, கேட்டுக்கறேன்."

அவர் பதிலுக்கு எகிறுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார். மகளைப் பார்த்தார்.

"நான் எதுக்கு சம்பந்தி தடுக்கப்போறேன்? தலப்பிரசவத்துக்கு அனுப்பலன்னா ஊரு என்னியதான பேசும்? அவளக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போய்விட்டார்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தாம்மா அத்தய அப்புடிச் சொல்லச் சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை. அதாவது, புரிந்தது.

"நான் புள்ளையப் போட்டுருவேன்னு பயமா பாப்பா?"

"அதில்லம்மா. எனக்கு அங்க தூக்கம் வராது." வளையல்களை மறுபடி தள்ளிவிட்டாள். "சின்ன வயசுலேர்ந்து வந்ததில்ல. நீ கொறட்ட விட்டா எனக்கு ஒண்ணுமில்ல. அது நிக்கும் பாரு, அதான். மறுபடி மூச்சு விடுறியான்னு கேட்டுக்கினே படுத்திருப்பேன். ஒன்னியப் புடிச்சி ஆட்டுவேன். நீ பொரண்டு படுத்துப்ப. மறுபடியும் நிக்கும். அப்பாவுக்கு நைட் ஷிப்டு. வீட்ல நாம ரெண்டு பேருதான். நான் தூங்கிட்டா நீ செத்துடுவேன்னு நெனச்சிக்குவேன். கல்யாணமாயி இங்க வந்த பொறவுதான், ராத்திரின்னா படுத்துத் தூங்குறதுக்குன்னே எனக்குத் தெரிஞ்சுது. வளகாப்பு அன்னிக்கு நீ ஒக்காந்துக்கினே நிறுத்துன. சந்தனம் கொட்டுனதயே நான் பாக்கல. ஒம் மூச்சதான் பாத்துக்கினு இருந்தேன். புள்ள பொறந்த வீட்ல மறுபடியும் அப்புடிப் படுத்திருக்க என்னால முடியாதும்மா."

சம்பந்திக்காக நான் கோத்து வைத்திருந்த அத்தனை வார்த்தைகளும் வாயிலேயே நின்றன. யாரிடம் சொல்ல? மகள் என்னைப் பார்த்து வெட்கப்பட்டாள் என்று நினைத்துக்கொண்டு, இரண்டு மாதமாக நான் அந்தப் பெண்மணியை மனதுக்குள் வறுத்துக்கொண்டிருந்தேன். அவர் என் மகளுக்காகப் பழியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, எனக்கு ரசமும் ஊற்றியிருக்கிறார்.

நான் மகளிடம் எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. மாஸ்க், காற்று, டாக்டர் என்று எதைச் சொன்னாலும் அவள் நம்பப்போவதில்லை. தினமும் காதால் கேட்டு வளர்ந்தவளிடம் வாயால் என்ன சொல்வது? பையை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். பிளக்கைச் சொருகினேன். அவள் கட்டிலில் ஓரமாகப் படுத்து மாஸ்க்கை மாட்டிக்கொண்டேன். அவள் வாசற்படியில் நின்று பார்த்தாள். மூடி உப்பி உட்கார்ந்தபோது பயந்துபோய்க் கிட்டே வந்தாள். "வலிக்குதாம்மா?" என்றாள். இல்லையென்று தலையை ஆட்டினேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். அவள் காதைத்தான் அப்படிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. எனக்கு அப்போது தூக்கம் வருமா என்பதே சந்தேகமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, ஒழுங்காக மூச்சு விட வேண்டுமே என்று கவலைப்பட்டேன்.

எப்போது தூங்கினேன் என்று தெரியாது. முழித்தபோது வெயில் சுவரிலிருந்து இறங்கியிருந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் என் பக்கத்தில் ஒருக்களித்து, வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணையைக் கொடுத்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கை என் கையின் மேல் கிடந்தது. அதில் பிடி இல்லை. சும்மா கிடந்தது. என் பக்கத்தில் படுத்து அவள் தூங்கி நான் பார்த்ததே கிடையாது. ஏனென்றால் எப்போதும் நான்தான் முதலில் தூங்கிவிடுவேன்.

காபிக்குக் கூப்பிடச் சம்பந்தியம்மாள் வந்தார். வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தார். சத்தம் போட்டே பழகியவர், ஒரு வார்த்தை பேசாமல் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போனார். நான் அசையவில்லை. கை மரத்துப்போனது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மகள் முழித்தாள். சிறிதுநேரம் தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் விழித்தாள். என்னைப் பார்த்தாள், மிஷினைப் பார்த்தாள். பிறகு முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்:

"அத்த, மாமாகிட்ட சொல்லி பரண்மேலேர்ந்து எம் பெட்டிய எறக்கச் சொல்லுங்க. நான் அம்மாகூடப் போறேன்."